ஜெயித்த நாள் சாப்பாடு

குவோக் லாய்-பெங் விற்கிற கஞ்சி அப்படியொன்றும் பிரமாதமில்லை. இதை முதலில் சொல்பவள் அவளேதான். அரிசி சீக்கிரம் குழையட்டும் என்று சமையல்காரர் சோய் அதை நனைத்து உறையவைத்துவிடுவார். கொதிநீரில் போட்ட இருபதாவது நிமிடம் அது கரைந்து பசையாகிவிடும். "எங்க வீட்ல யாராச்சும் இப்படிக் கஞ்சி வெச்சா பானையோட தூக்கித் தெருவுல போட்டிருப்பேன்" என்பாள். இருந்தும் மக்காவ் நகரத்தின் அந்தப் பெரிய சூதாட்ட விடுதியில், பக்காரா சீட்டாட்ட மேஜைகள் முடிகிற ஓரத்தில், இருபத்திரண்டு நாற்காலி போட்ட அவளுடைய கடைக்கு முன்னால் ஆலை முதலாளிகளும் கப்பல் தரகர்களும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். அதே கட்டடத்தில் இன்னும் ஒன்பது உணவகங்கள் இருந்தன. அவற்றில் உட்கார இடத்துக்கு ஒரு குறையுமில்லை.

காரணம் ருசியல்ல. சூதாடுகிறவனுக்கு நாக்கு கிடையாது என்பது இருபத்தாறு வருடம் பார்த்து அவள் கண்டுபிடித்த உண்மை. ஜெயித்த நாளில் எதைத் தின்றானோ அதையேதான் அவன் கடைசிவரைக்கும் தின்பான். ஒருவன் முதன்முதலாக ஜெயித்த அன்று அவனுக்கு வந்தது ஆறிப்போன கஞ்சி. இன்றைக்கும் அவனுக்கு விசிறி வைத்து ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். துணி ஆலைக்காரி ஒருத்திக்குப் பரிமாறும்போது அன்றைக்குக் கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. அதனால் அவள் வரும்போதெல்லாம் லாய்-பெங் ஒரு கரண்டியைக் கைதவற விடுவாள், முகத்தில் கொஞ்சம் பதற்றத்தோடு. யாருக்கு எது, எந்த நாற்காலி, தேநீர் வலப்பக்கமா இடப்பக்கமா என்று முந்நூறு நானூறு பேருடைய கிறுக்குத்தனம் அவள் தலைக்குள் மனப்பாடமாக இருந்தது. தாள் எதிலும் இல்லை. தாளில் எழுதுகிற தகுதி இந்த ஜென்மங்களுக்கு உண்டா என்று கேட்பாள்.

மக்காவ் நகரத்தைச் சேர்ந்த தைப்பா தீவில் பட்டாசுத் தொழிற்சாலை இருந்த காலத்தில் பிறந்தவள். ஏழு வயதில் திரி முறுக்கினாள். பிறகு துணித் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். நாய்ப் பந்தயக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு ஏழு வருடம் கழித்து, எந்த நாய் ஓடினாலும் இவன் மட்டும் ஓட மாட்டான் என்று அவனை விட்டுவிட்டு வந்தாள். அதன்பின் பழைய சூதாட்ட விடுதியில் சூடான துண்டு நீட்டும் வேலை. குனிந்து நீட்ட வேண்டும், நிமிராமல் பின்வாங்க வேண்டும். அங்கிருந்து இந்தக் கஞ்சிக் கடைக்கு வந்த முதல் நாள், தண்ணீர் தேங்கும் என்று கடைக்குள் ஒரு பலகை போட்டிருப்பதைப் பார்த்தாள். ஒரு சாண் உயரம். அதன்மேல் ஏறி நின்றால், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் உச்சந்தலை தெரிந்தது. சாயம் பூசிய முடி, வழுக்கை, வியர்வை, பொடுகு. நாள் முழுக்க மேலிருந்து கீழே பார்க்கிற வேலை. அந்த ஒரு சாண்தான் அவள் இந்த ஊரில் சம்பாதித்தது. அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அவள் வாடிக்கைக்காரர்களில் பதினொரு வருடமாக மாறாதவர் ஒருவர் உண்டு, பெயர் தாம் கின்-மௌ. எல்லைக்கு அந்தப்பக்கம், சீனாவின் ஃபோஷானில் கூரை ஓட்டுச் சூளை வைத்திருப்பவர். வாரத்துக்கு ஒருமுறை எல்லை வாசலைத் தாண்டி வந்துவிடுவார். தூண் ஓரத்து நாற்காலி, வெறுங்கஞ்சி, இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வேகவைத்த முழு மீன் ஒன்று. மீனின் மேல்பக்கத்தை அவர் தின்று முடித்ததும் லாய்-பெங் இரண்டு கரண்டிகளோடு போய், தலையிலிருந்து வால்வரை நடுமுள்ளை ஒரே இழுப்பில் தூக்கி எடுத்துவிடுவாள். அடிப்பக்கம் தட்டில் அப்படியே இருக்கும். மீனைத் திருப்பக் கூடாது. திருப்பினால் படகு கவிழும் என்பது மீனவர் பயம். சூதாடுகிறவனுக்கு அவனேதான் படகு. இந்த முள் எடுக்கிற வேலையில் அவளுக்கு நிகர் அந்தத் தீவில் இல்லை என்பார்கள். முள்ளைத் தூக்கும்போது அவள் தாமின் உச்சந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பதினொரு வருடத்தில் அது எவ்வளவு வெளுத்தது என்று அவருடைய மனைவிக்குக்கூடத் தெரிந்திருக்காது. பாவம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சூளையைக் கட்டியவனுக்கு அதைக் கரைக்கவும் தெரியும் என்று விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஃபொங் சி-ஹாங் வந்து சேர்ந்தான். சுவிட்சர்லாந்தில் விடுதி நிர்வாகம் படித்துவிட்டு, கணுக்கால் தெரிகிற கால்சட்டையோடு, விடுதியின் உணவகங்கள் எல்லாவற்றுக்கும் தலைவனாக வந்தான். அவனுடைய அம்மா லாய்-பெங்கோடு காலர் தைத்தவள். ஊழியர்களை எல்லாம் உட்காரவைத்து, சுவரில் படம் காட்டினான். விருந்தாளியை இழுத்து வருவது சீட்டல்ல, சாப்பாடு. பிடித்து வைப்பதும் சாப்பாடுதான் என்றான். சுவரில் ஒரு தட்டு தெரிந்தது. வட்டமான வெள்ளைத் தட்டு, நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஏதோ ஒன்று, மேலே ஒரு இலை. முப்பத்தோராவது மாடியில் பிரெஞ்சு உணவகம் வரப்போகிறதாம். பதினொரு பதார்த்தம், மூன்று மணி நேரம். அதற்கென்று தனி மின்தூக்கி வேண்டும். அந்த மின்தூக்கியின் வாசல் கஞ்சிக் கடை இருக்கிற இடத்தில் வரும். கஞ்சிக் கடை ஊழியர்கள் அடித்தளத்து ஊழியர் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகலாம்.

கூட்டம் முடிந்து அவன் வெளியே வந்தபோது லாய்-பெங் வாசலில் நின்றாள்.

"ஏன் தம்பி, அந்தத் தட்டுல இருந்ததே, அது சாப்பாடா, இல்ல தட்டைக் கழுவாம விட்டுட்டீங்களா?"

ஃபொங் சிரித்தான். சிரிக்கச் சொல்லிக் கொடுத்த கல்லூரி அது. அம்மாவின் பழக்கத்துக்காக ஒரு சலுகை செய்தான். பழைய விருந்தாளிகளை ஒவ்வொருவராக மேலே கூட்டிப்போய்ச் சாப்பிடவைப்பது. சாப்பிட்ட பிறகும் அவர்கள் கஞ்சிதான் வேண்டும் என்று கீழே வந்தால் கடை இருக்கட்டும், மின்தூக்கிக்கு வேறு வழி பார்க்கலாம்.

"முதல்ல தாம் முதலாளி. அவர் திரும்பி வந்தா உங்க கடை உங்களுக்கு, பெங் அக்கா. நான் சொன்ன சொல்லு."

"அவன் வருவான்" என்றாள் லாய்-பெங். "நாய் வாந்தி எடுத்த இடத்துக்கு வராம எங்க போகும்?"

தாமை மேலே கூட்டிப்போனது பிரெஞ்சு உணவகம் திறந்த வாரம், ஒரு வியாழக்கிழமை மதியம். அன்று காலையிலிருந்து அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார். ஜெயிக்கிறவனை நாற்காலியிலிருந்து எழுப்புவது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று சீட்டுப் போடுகிற பெண்களுக்கே தெரியும், சுவிட்சர்லாந்துக்குத் தெரியவில்லை. பூங்கொத்து, சிவப்புக் கம்பளம், கைதட்டல். மேலே போனவர் மூன்று மணி நேரம் பத்து நிமிடம் கழித்துத்தான் கீழே வந்தார். வந்தவர் மேஜைப் பக்கம் திரும்பவே இல்லை. தோள் பையை மாட்டிக்கொண்டு நேராகக் கஞ்சிக் கடைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரவில்லை. நின்றால் அவர் தன்னைவிட உயரம் என்பதை லாய்-பெங் அன்றுதான் கவனித்தாள்.

"வெளியே மழை பெய்யுது அக்கா. தெரியுமா உங்களுக்கு?"

அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தத் தளத்தில் ஜன்னல் என்று ஒன்று கிடையாது.

மேலே பெரிய கண்ணாடி ஜன்னல் இருப்பதாகவும், ஆறாவது பதார்த்தம் வருவதற்குள் அலுத்துப்போய் வெளியே பார்த்ததாகவும் அவர் சொன்னார். கடல், பாலம், பாலத்துக்கு அந்தப்பக்கம் தன்னுடைய ஊர் இருக்கிற திசை, எல்லாவற்றின் மேலும் மழை. பதினொரு வருடமாக இந்த ஊருக்கு வந்தும் இங்கே மழை பெய்து அவர் பார்த்ததில்லையாம்.

"முற்றம் பூரா பச்சை ஓடு காயுது. இன்னும் சூளைக்குப் போகல. நனைஞ்சா மண்ணு அக்கா அது, வெறும் மண்ணு. நான் போறேன்."

போய்விட்டார். ஜெயித்ததை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு, எல்லை வாசல் பேருந்து நிற்கிற பக்கமாக நடந்து போனார். லாய்-பெங் பலகைமேல் நின்று அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல்தடவையாக ஒருத்தன் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறான். அவளுக்கு அது பிடிபடவில்லை. செருப்புக்குள் போன மணல் மாதிரி அன்று முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. கடை போகப்போகிறது என்பதுகூட அதற்கு அப்புறம்தான் உறைத்தது. மறுநாள் தொலைக்காட்சியில் ஃபோஷான் பக்கத்து வானிலை வந்தபோது நின்று கேட்டாள்.

"என்ன, ஓடு வியாபாரத்துல கூட்டா?" என்றார் சோய்.

"உன் கஞ்சியைக் காயவெச்சா நல்ல ஓடு வரும். அதுக்குத்தான் பாக்குறேன்."

ஃபொங்குக்கோ ஆனந்தம். தாம் முதலாளி சமையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், புகைப்படம் எடுத்துக்கொண்டார் என்று ஊரெல்லாம் சொன்னான். அடுத்தடுத்து இன்னும் எட்டுப் பேரை மேலே அனுப்பினான். நன்றாகச் சாப்பிட்டார்கள். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்கள். ஒருத்தருக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஒருத்தருக்குப் பெண்ணுடைய பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஞாபகம் வந்தது. எட்டில் ஐந்து பேர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். விருந்தாளியை வெளியே அனுப்ப இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை இதுவரை யாரும் செய்ததில்லை. விடுதியின் பெரிய முதலாளி அவனைக் கூப்பிட்டு என்ன கேட்டார் என்று தெரியாது. அறையை விட்டு வெளியே வந்தவனுடைய காது சிவந்திருந்தது என்று சோய் சொன்னார்.

மறுநாள் ஃபொங் கடைக்கு வந்தான். பலகைக்கு முன்னால் முதல்தடவையாக உட்கார்ந்தான். அவனுக்கும் உச்சியில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது.

தாம் முதலாளிக்கு ஒரு தொலைபேசி போட முடியுமா என்று கேட்டான். மீன் புதிதாக வந்திருக்கிறது என்று சொன்னால் போதும். அவள் சொன்னால் கேட்பார். அவர் வந்து உட்கார்ந்தால் கடைக்கு ஆபத்தில்லை. பெரிய முதலாளியிடமே பேசிவிட்டான்.

"நான் கஞ்சி ஊத்துறவ தம்பி. தூண்டில் போடறவ இல்ல."

"கடை வேணாமா அக்கா?"

"வேணும்."

"அப்புறம்?"

தாமின் எண் அவளிடம் இருந்தது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாழ்த்துச் சொல்கிற எண். அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போனவன் என்று ஒருத்தனை அவளே மனதுக்குள் உயரத்தில் நிறுத்திவைத்திருக்கிறாள், அவனை அவளே கூப்பிட்டுக் கீழே உட்காரவைக்க முடியாது. அவ்வளவுதான். ஈரப் பலகையை அன்றைக்கு மூன்று தடவை துடைத்தாள்.

அவள் கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஒன்பதாம் நாள் தாம் தானாகவே வந்தார்.

அதே சட்டை. துவைக்காத சட்டை, அதிர்ஷ்டம் தண்ணீரில் போய்விடும் அல்லவா. நேராக மின்தூக்கியில் ஏறி முப்பத்தோராவது மாடிக்குப் போனார். போன தடவை ஜெயித்ததோடு வீடு போய்ச் சேர்ந்தார். அன்று சாப்பிட்டது பதினொரு பதார்த்தம். ஆகவே இனிமேல் அவருக்கு ராசியான சாப்பாடு அதுதான். அதே ஜன்னல், அதே நாற்காலி, அதே ஒழுங்கில் அதே பதினொன்று. ஆனால் மூன்று மணி நேரம் ஆகக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுவந்து வைக்கச் சொல்லி நாற்பது நிமிடத்தில் வாரி வாய்க்குள் போட்டுக்கொண்டார். பிரெஞ்சுக்காரர் சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பரிமாறியவர்கள் கீழே வந்து சொன்னதில் லாய்-பெங் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டது வேறொன்று. சாப்பிடும்போது நடுநடுவே அவர் ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்தாராம். வெயில் அடிக்கிறதே, மழை இல்லையே, மழை இருந்தால்தானே சரியாக வரும் என்று.

மூன்று மணிக்குள் தோற்றுவிட்டார். கொண்டுவந்தது, கடனாகக் கேட்டு வாங்கியது, எல்லாம்.

நான்கு மணி வாக்கில் தூண் ஓரத்து நாற்காலியில் வந்து விழுந்தார். சற்றுத் தள்ளி ஃபொங் நின்றான். காது இப்போது சாதாரண நிறத்தில் இருந்தது. அவளிடம் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"பாத்தீங்களா? மேல இருக்கறது இழுத்துட்டு வருது, கீழ இருக்கறது பிடிச்சு வைக்குது. ரெண்டும் வேணும் அக்கா. கடை உங்களுதுதான். மின்தூக்கியை அந்தப் பக்கம் மாத்திட்டேன்."

அவள் தலையாட்டினாள். ஜெயித்துவிட்டாள். பலகை காலுக்குக் கீழே இருந்தது.

"பழைய மீனே கொடுங்க அக்கா" என்றார் தாம். "மேல சாப்பாட்டுல ராசி இல்ல. உங்க மீன்தான் எனக்கு. சாப்பிட்டுட்டு ஒரே ஒரு கை. அந்தக் கடைசி மேஜை இன்னிக்கு மூணு தடவை—"

"ஓடு என்னாச்சு?" என்று கேட்டாள்.

"எந்த ஓடு?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்கள் இரண்டும் சிவந்து, ஈரமாக, காலியாக இருந்தன. லாய்-பெங் அந்த முகத்தைப் பார்த்தாள். ஒன்பது நாள் வானிலை கேட்டவள் அவள்.

மீன் வந்தது. தாம் மேல்பக்கத்தைக் குச்சிகளால் சுரண்டிச் சுரண்டித் தின்றார். முடித்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முள் எடுக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தார். அந்த நேரத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவது வழக்கம். இருபத்தோரு பேரும் நிறுத்தினார்கள். லாய்-பெங் பலகையை விட்டு இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, இரண்டு கரண்டிகளையும் மீனுக்கு அடியில் கொடுத்தாள். தலைப்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று. பிறகு தோசையைத் திருப்புகிற மாதிரி அதைத் திருப்பிப் போட்டாள்.

சாறு தெறித்து அவர் சட்டைமேல் விழுந்தது. யாரோ மூச்சை இழுக்கிற சத்தம். துணி ஆலைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

தாம் முகத்தில் ரத்தமே இல்லை. "என்ன பண்ணிட்டீங்க அக்கா" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"மீனைத் திருப்பினேன்."

"கவிழ்ந்துடும்னு தெரியாதா உங்களுக்கு?"

"மீன்தானே முதலாளி. தண்ணிக்குள்ளயே இருந்த சென்மம், கவிழ்ந்தா அதுக்கு என்ன? சாப்பிடுங்க, அடிப்பக்கம்தான் ருசி."

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவரை யாரும் பார்க்கவில்லை, பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொருத்தராகக் குச்சிகளை வைத்துவிட்டு எழுந்தார்கள். பாதிக் கஞ்சி, கால் கஞ்சி, வாயில் வைத்த கஞ்சி. இரண்டு நிமிடத்தில் கடை காலி. பக்கத்து மேஜைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் செய்தி போய்விட்டது. அந்த ஓரத்தில் ஆறு மேஜைகளில் அன்று அதற்குமேல் யாரும் உட்காரவில்லை. சீட்டுப் போடுகிற பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு வெறும் பச்சைத் துணியைப் பார்த்தபடி நின்றார்கள். உலகத்தையே விலைக்கு வாங்க வந்த கூட்டம் ஒரு செத்த மீன் புரண்டு படுத்ததற்கு ஓடிப்போனது.

ஃபொங் அவளைத் திட்டவில்லை. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"ஏன் அக்கா? கடை கையில இருந்துதே?"

"தெரியும்" என்றாள்.

இரக்கப்பட்டுச் செய்தாள் என்று சோய் பிறகு ஊழியர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேள்விப்பட்டு அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். இரக்கமாம். ஒருத்தனை ஒன்பது நாள் மனிதனென்று நினைத்துவிட்ட அவமானத்தைப் பற்றிச் சோய்க்கு என்ன தெரியும்?

தாம் அன்று விளையாடவில்லை. விளையாடக் காசும் இல்லை, கடன் கொடுக்க வந்தவர்களும் கவிழ்ந்த படகென்று விலகிக்கொண்டார்கள். எல்லை வாசல் பேருந்தில் ஏறினார் என்று வாசல் காவலாளி சொன்னான். மூன்று வாரம் கழித்து எதிர்க்கட்டடத்தில் பன்றிக்கால் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தாராம். இனிமேல் மீனே தொடுவதில்லை என்று சபதமாம். பெரிய சபதம்.

கஞ்சிக் கடை இருந்த இடத்தில் இப்போது மின்தூக்கி வாசல் இருக்கிறது. முப்பத்தோராவது மாடியில் ஜன்னல்களுக்குக் கனமான திரை போட்டுவிட்டார்கள். பதார்த்தம் ஐந்தாகக் குறைந்துவிட்டது. ஐம்பது நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கலாம். நல்ல உணவகம் விருந்தாளியைப் பிடித்து வைக்கிறது என்று ஃபொங் இப்போதும் சுவரில் படம் காட்டுகிறான். படத்தில் திரை கிடையாது.

லாய்-பெங் அடித்தளத்தில் ஊழியர்களுக்குச் சோறு போடுகிறாள். பலகை கிடையாது, தரை சமம். தட்டை நீட்டுகிறவர்களின் முகம் நேருக்கு நேர் தெரிகிறது. எல்லோருக்கும் இருபது நிமிடம்தான், யாரும் எதையும் நினைத்துக்கொண்டு சாப்பிடுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மீன் உண்டு. துண்டு போட்டுத்தான் வரும், முள் எடுக்க ஒன்றுமில்லை. சமையலறையின் பின்பக்கம், குப்பை வண்டி வருகிற சரிவில் ஒரு கதவு இருக்கிறது. மழை பெய்தால் அதைத் திறந்து பார்ப்பாள். பிறகு, எவன் ஓடு நனைந்தால் எனக்கென்ன என்று சாத்திவிட்டு வருவாள்.